மழைக்கு முன் கொட்டகையைப் பாருங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 3-வது வாரத்தில் தொடங்கும். கையில் இருப்பது ஒரு மாதம். உத்திரமேரூர் வட்டாரத்தில் இப்போது எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இரண்டு பேச்சுதான் காதில் விழுகிறது. ஏரிக்கு இந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் வரும்? சம்பா நடவை எப்போது முடிக்கலாம்? இரண்டும் நியாயமான கவலைகள். இந்த வாரம் அவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போர்வெல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் கொட்டகையை ஒருமுறை உள்ளும் புறமும் சுற்றிப் பாருங்கள்.

அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று மனதில் ஒரு கணக்குப் போடுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர், யூரியா நாலைந்து மூட்டை, பொட்டாஷ் ஒன்றிரண்டு, கைத்தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், தார்ப்பாய், பூச்சிமருந்து டப்பாக்கள், மண்வெட்டி, கடப்பாரை, எல்லாவற்றுக்கும் மேலே மடித்துக் கட்டிய விதைநெல் மூட்டை. ஒரு சிறு விவசாயியின் கையிருப்பில் பெரும்பகுதி அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில்தான் இருக்கிறது. கொட்டகை கட்டிய அன்று பார்த்ததோடு சரி. கதவு கழன்று விழும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழி மாதம், உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஒரு விவசாயி என்னிடம் வந்தார். சொர்ணவாரியில் அறுத்த கோ 51 நெல்லில் நல்ல கதிராகப் பார்த்துத் தனியாக அடித்து, நவரைக்கு விதையாக எடுத்து வைத்திருந்தார். நாற்றங்காலில் பாதிகூட முளைக்கவில்லை. "வெதையில ஒரு குறையும் இல்ல சார். என் கையால காயவெச்சேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் கேட்ட கேள்விகள்தான் தப்பு. விதைநேர்த்தி செய்தீர்களா, எத்தனை மணி நேரம் ஊறவைத்தீர்கள், நாற்றங்காலில் தண்ணீர் தேங்கியதா என்று வழக்கமான கேள்விகளையே வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூட்டையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்க அரைமணி நேரம் ஆயிற்று.

அவர் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தபோது விடை கண்ணுக்கு எதிரே இருந்தது. தகரக் கொட்டகை, கட்டி நான்கு வருஷம்கூட ஆகவில்லை. மேற்கு மூலையில் பொட்டாஷ் மூட்டை தகரச் சுவரை ஒட்டிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மூட்டை தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் தகரம் செங்காவி நிறத்தில் உதிர்ந்து, ஆணி அளவுக்கு ஓட்டைகள் விழுந்திருந்தன. ஐப்பசி மழைச் சாரல் அந்த வழியாக உள்ளே வந்திருக்கிறது. பக்கத்திலேயே தரையில் விதைமூட்டை. மேலே நெல் காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடிமூட்டையில் கைவிட்டால் வெதுவெதுப்பும் புழுங்கல் வாடையும். விதை கெட்டது அங்கேதான். வேறு விதை வாங்கி மறுபடியும் நாற்று விட்டதில் அவருக்குப் பணம் போனது மட்டுமல்ல, நவரைப் பட்டத்தில் மூன்று வாரமும் போயிற்று. பின்னால் விட்ட பயிர் கோடை வெயிலில் பால்பிடித்தது.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் நாங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அவை கிடக்கும் இடத்தைப் பற்றி எங்கள் துறையில் யாரும் பேசுவதில்லை, நானும் பேசியதில்லை.

நம் பாட்டன்கள் காலத்தில் இதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். ஓர் ஆள் உள்ளே ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய மண்குதிர்கள் வீட்டுக்கு வீடு இருந்தன. களிமண்ணில் பதரும் வைக்கோல் துண்டும் கலந்து மிதித்து, வளையம் வளையமாகச் செய்து காயவைத்து அடுக்குவார்கள். மூங்கிலில் பின்னிச் சாணமும் மண்ணும் பூசிய தொம்பை இருந்தது. வசதியானவர்கள் வீட்டில் பலகைப் பத்தாயம். எதுவானாலும் வருஷத்துக்கு ஒருமுறை காலி செய்வார்கள். புது நெல் வருவதற்கு முன் உள்ளே துடைத்து, வெடிப்பைச் சாணமும் களிமண்ணும் வைத்து அடைத்து, வெயில் காட்டி, வேப்பிலையோ நொச்சியோ போட்டுத்தான் நெல் கொட்டுவார்கள். பராமரிப்பு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அறுவடைக்கு முந்தைய வாரத்து வேலைகளில் அதுவும் ஒன்று.

பிறகு பொருள்கள் மாறின. மண் போய்த் தகரம் வந்தது, ஓலை போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது, பானை போய் பிளாஸ்டிக் டிரம் வந்தது. புதுப் பொருள் என்றால் கவனிப்பே தேவையில்லை என்ற ஓர் எண்ணமும் கூடவே வந்துவிட்டது. மண்குதிர் ஒரு மழையில் கரையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் அதைப் பார்த்துக்கொண்டார்கள். தகரமும் கரையும். கொஞ்சம் மெதுவாகக் கரையும், அவ்வளவுதான்.

நம் ஊர் விஷயம் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக நாடே பேசுகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவிக்காலம் 360 நாள். ஏரியை வெட்டி முடித்ததோடு வேலை தீர்ந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. வெட்டிய ஏரியைப் பார்த்துக்கொள்ள வருஷா வருஷம் ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கொட்டகைக்கு வாரியம் போட வேண்டாம். வருஷத்துக்கு ஒருநாள் ஒதுக்கினால் போதும்.

தகரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இன்று பெரும்பாலான தோட்டங்களில் நிற்பது அதுதான். நாம் தகரம் என்று சொல்வது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. மழையைத் தாங்குவது அந்த மெல்லிய பூச்சுதான், இரும்பு அல்ல. பூச்சு எவ்வளவு கனமோ அவ்வளவு காலம் ஷீட் உழைக்கும். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் துத்தநாகம் என்பதுதான் கணக்கு. கடையில் ஷீட்டின் தடிமனை மட்டும் கேட்டு வாங்குகிறோம். பூச்சு எத்தனை கிராம் என்று கேட்பவர் குறைவு. 120 கிராம் பூச்சுக்கும் 275 கிராம் பூச்சுக்கும் விலையில் வித்தியாசம் உண்டு, ஆயுளில் அதைவிடப் பெரிய வித்தியாசம் உண்டு. அடுத்த முறை வாங்கும்போது கேளுங்கள்.

இந்தப் பூச்சுக்கு முதல் எதிரி மழை அல்ல, உரம். பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்பது எப்படியோ, அப்படியே பொட்டாஷ் தூள் தகரத்தைத் தின்னும். அம்மோனியம் கலந்த உரங்களும் அதே வேலையைச் செய்யும். யூரியாவுக்கு வேறு குணம். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் சுமார் 72 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகைக் காலை நேரங்களில் நம் பகுதியில் ஈரப்பதம் அதற்கு மேல்தான் இருக்கும். கசிந்த யூரியாவும் சிந்திய பொட்டாஷும் தகரத்தின் அடிவிளிம்பில் சேர்ந்தால் இரண்டு மழைக்காலம் போதும். எனவே உரமூட்டை எதுவும் தகரச் சுவரைத் தொடக் கூடாது. குறைந்தது ஒரு அடி இடைவெளி விட்டு, தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்ந்த மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். பிரித்த மூட்டையை உள்பையோடு இறுக்கிக் கட்டுங்கள். சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பெருக்கி எடுத்து வயலில் போட்டுவிடுங்கள்.

துரு ஏற்கெனவே வந்திருந்தால் இந்த மாதமே அதற்குச் சரியான நேரம், வெயில் இன்னும் இருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்வதையெல்லாம் உதிர்த்து, துடைத்துக் காயவிட்டு, துருப்பிடித்த இடத்துக்கு மட்டும் ரெட் ஆக்சைடு ஒரு கோட்டும் அதன்மேல் எனாமல் இரண்டு கோட்டும் அடியுங்கள். பளபளப்பாக நல்ல நிலையில் இருக்கும் துத்தநாகத்தின் மேல் நேராக எண்ணெய் பெயின்ட் அடித்தால் அடுத்த கோடையில் தோலாக உரிந்து வரும். அப்படி முழுவதும் அடிக்க விரும்பினால் துத்தநாகத் தகட்டுக்கென்றே உள்ள பிரைமரைக் கடையில் கேட்டு வாங்கி முதலில் அடிக்க வேண்டும். வெயிலைக் குறைக்கக் கூரைமேல் சுண்ணாம்பு அடிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஈரச் சுண்ணாம்பும் ஈர சிமென்டும் துத்தநாகத்தை அரிக்கும். வெள்ளைக் கூரை பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். மிச்சமான ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் அடுக்கி வைத்தால் இடையில் தண்ணீர் புகுந்து வெள்ளைத் துரு பூக்கும். சாய்த்து நிறுத்தி வையுங்கள்.

அடுத்து காற்று. வர்தா (2016), நிவர் (2020), மாண்டஸ் (2022), ஃபெஞ்சல் (2024) என்று பத்து வருஷத்துக்குள் வட தமிழகக் கரையைக் கடந்த புயல்களை எண்ணிப் பாருங்கள். புயலில் கூரை பறப்பது மேலிருந்து அழுத்துவதால் அல்ல, மேலே உறிஞ்சப்படுவதால். அந்த இழுப்பு ஓரங்களிலும் மூலைகளிலும்தான் மிக அதிகம். ஆகவே ஏணி போட்டு ஓர வரிசை ஜே போல்ட்டுகளை முதலில் பாருங்கள். நட்டு தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பர் வாஷரை மாற்றுங்கள். ஒரு வாஷரின் விலை சில ரூபாய், அது போன ஓட்டை வழியாகத்தான் ஒழுகல் தொடங்குகிறது. ஷீட்டில் போல்ட்டும் ஸ்க்ரூவும் பள்ளத்தில் இல்லாமல் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடுகிற தண்ணீரெல்லாம் அந்த ஓட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தகரக் கொட்டகையில் இன்னொரு ஆபத்து உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்டார்ட்டர் பெட்டியை நேராகத் தகரச் சுவரிலோ இரும்புச் சட்டத்திலோ பொருத்தி, ஒயரைத் தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக இழுத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். காற்றில் ஆடி ஆடித் தகரத்தின் விளிம்பு ஒயரின் மேலுறையை அறுக்கும். எர்த் சரியாக இல்லையென்றால் மழைநாளில் கொட்டகை முழுவதும் மின்சாரம் பாயும். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று கதவைத் தொடுபவர் கதி என்ன? ஸ்டார்ட்டரை மரப்பலகை அல்லது பிளாஸ்டிக் போர்டில் மாட்டி, ஒயர் தகரத்தைக் கடக்கும் இடத்தில் பி.வி.சி. குழாய் செருகி, எர்த் குழியையும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச்சையும் உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மரத்துக்கு வருவோம். கால்கள் பெரும்பாலும் சவுக்கு, வாரை பனை அல்லது வேம்பு. சவுக்குக் கால் மேலே கல் போல இருக்கும், மண்ணுக்குள்ளும் ஓரளவு நன்றாக இருக்கும், தரைமட்டத்தில்தான் உளுத்துப்போகும். ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் அது. மரத்தைத் தின்னும் பூஞ்சாணத்துக்கு இரண்டும் வேண்டும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தரையோடு ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தக் கால் புயலுக்கு நிற்காது. முழுக் காலையும் பிடுங்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஓர் இரும்பு ஆங்கிளையோ கல்காலையோ சிமென்டில் நட்டு, நல்ல பகுதியோடு போல்ட் போட்டு இணைத்துவிடலாம். புதுக் கால் நடுவதானால் தரைக்குக் கீழே ஒரு அடி, மேலே ஒரு அடிக்குத் தார் பூசி நடுங்கள். முந்திரிக்கொட்டை எண்ணெயும் நல்லதுதான். பூசும்போது கையில் பட்டால் புண்ணாகும், கையுறை வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலை விதை இருக்கும் கொட்டகைக்குள் பூசாதீர்கள்.

கறையானைப் பொறுத்தவரை மருந்தைவிடக் கண்தான் முக்கியம். அது வெளிச்சத்தில் நடக்காது. மண்ணில் குழாய் கட்டிக்கொண்டுதான் மரத்துக்கு ஏறும். சுவரிலோ காலிலோ பென்சில் தடிமனில் மண்கோடு தெரிந்தால் அன்றே சுரண்டி எடுங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். கொட்டகையைச் சுற்றி விறகு, பழைய கீற்று, வைக்கோல் சேர்த்து வைப்பது கறையானுக்கு நாமே படி கட்டிக் கொடுப்பது போல. எலிக்கும் பாம்புக்கும் அதே இடம்தான் வீடு. இரண்டடிக்குச் சுற்றிலும் வெறும் தரையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வைத்திருப்பவர்கள் அதைக் கூடியவரை தொடாமல் இருப்பதே பராமரிப்பு. அதன் நுண்ணிய நார் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழுதாக இருக்கும் ஷீட்டால் பெரிய ஆபத்தில்லை. அறுப்பதும் துளைப்பதும் உடைப்பதும் பாசியைக் காய்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும்தான் ஆபத்து. உடைந்த ஷீட்டை எடுக்க வேண்டியிருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்து, தடித்த பாலித்தீனில் சுற்றிக் கட்டி அகற்றுங்கள். குழந்தைகள் அதை வைத்து விளையாட விடாதீர்கள். மேலே ஏறினால் நேராக ஷீட்டின் மேல் கால் வைக்காதீர்கள். பார்க்க உறுதியாக இருக்கும், திடீரென்று உடையும். மாற்றும் காலம் வரும்போது வேறு பொருளுக்கு மாறிவிடுங்கள்.

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, கறையான் தின்னாது. வெயில் தின்னும். டிரம்மைத் தடவினால் கையில் மாவு போல ஒட்டுகிறதா? சூரியனின் புறஊதாக் கதிர் அதன் மேற்பரப்பை உடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கறுப்புத் தொட்டிகள் நாள்பட நிற்பதற்குக் காரணம் அதில் கலந்துள்ள கரித்தூள் அந்தக் கதிரைத் தடுப்பது. நீல டிரம், வெள்ளைக் குழாய், சொட்டுநீர்ச் சுருள், பிளாஸ்டிக் சாக்கு எல்லாவற்றையும் நிழலுக்குள் வையுங்கள். முடியாவிட்டால் நிழல்வலையாவது போர்த்துங்கள். சாக்கு இன்னும் சீக்கிரம் போகும், ஒரு கோடை வெளியில் கிடந்தால் தூக்கும்போதே கிழியும். டிரம்மில் விழுந்த வெடிப்பைக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பசையால் ஒட்ட முடியாது, அந்த பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. சூடு வைத்துத்தான் ஒட்ட வேண்டும். தார்ப்பாயை ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். எலி கடிப்பதற்கு எந்த பிளாஸ்டிக்கும் தப்பாது என்பதால் தானிய டிரம்மை வாரம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரசாயனம் வந்த டிரம்மை, எவ்வளவு கழுவினாலும், நெல்லுக்கோ குடிநீருக்கோ பயன்படுத்தாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறார்கள். உள்ளே என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

செங்கல், சிமென்ட் அறை கட்டியவர்களுக்குக் கவலை குறைவு என்று நினைப்பார்கள். சிமென்ட் தரை விளக்குத் திரி போலக் கீழிருந்து ஈரத்தை ஏற்றும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்தச் சுவர் ஈரம் குடிக்கிறது. வெளித்தரையைவிட உள்தரை அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும், கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும், மூட்டைக்குக் கீழே பாலித்தீன் விரித்து மேலே மரச்சட்டம் போட வேண்டும். மண்சுவர்க் கொட்டகை இன்னும் வைத்திருப்பவர்கள் பழையபடி சாணமும் மண்ணும் பூசினால் போதும். மண்சுவரின் மேல் சிமென்ட் பூசுவது உதவிபோலத் தெரியும், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு ஏடாகப் பெயர்ந்து வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் விதையைத் தோட்டத்துக் கொட்டகையில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். விதையியலில் ஹாரிங்டன் என்பவர் சொன்ன ஒரு கணக்கு உண்டு. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. இதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், தகரக் கூரையின் கீழ் கிடக்கும் விதைக்கு என்ன ஆகும் என்று புரியும். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது தகரத்தின் உள்பக்கம் வியர்க்கும், அந்த நீர் சொட்டுவதும் விதைமேல்தான்.

ஈரப்பதத்தில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை நெல்லை எடுத்துக்கொள்வதால், 17 என்றால் காய்ந்த நெல் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அது விற்பதற்கான அளவு, வைப்பதற்கான அளவு அல்ல. சில மாதம் வைத்து விதைக்கப் போகும் நெல் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாது, 12 என்றால் இன்னும் நல்லது. பல்லில் கடித்துப் பார்ப்பதில் அனுபவசாலிகள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் 13-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பல் சொல்லாது. ஈரப்பதமானி உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ விதைப் பரிசோதனை நிலையத்திலோ ஒரு கைப்பிடி கொண்டுபோய்ப் பாருங்கள். பிறகு மூடி இறுக்கமான டிரம்மில் வாய்வரை நிரப்பி, வீட்டுக்குள் வெயில் படாத மூலையில், பலகைமேல் வையுங்கள். வண்டு வருகிறதா என்று பார்க்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப் பொறி இருக்கிறது. தானியத்துக்குள் செருகி வைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே வண்டு அதில் விழுந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டில் போடாதீர்கள். அனுமதி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய நஞ்சு அது, அதிலிருந்து வரும் வாயு தூங்குகிற குடும்பத்தையே கொன்றுவிடும். பூச்சிமருந்து டப்பாக்களுக்கு, கொட்டகையிலேயே குழந்தைகளின் கை எட்டாத உயரத்தில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வேண்டும்.

அரசுக்கும் எங்கள் துறைக்கும் ஒரு கோரிக்கை. தார்ப்பாய்க்கும் விசைத்தெளிப்பானுக்கும் மானியம் தருகிறோம், நல்லதுதான். அவற்றை எங்கே, எப்படி வைப்பது என்று சொல்லும் ஒரு பக்கத் துண்டறிக்கைகூட அவற்றோடு போவதில்லை. புரட்டாசியில் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருநாள், நவரை விதை வைத்திருப்பவர்களின் நெல்லுக்கு இலவசமாக ஈரப்பதம் பார்த்துக் கொடுக்கலாம். கருவி ஏற்கெனவே இருக்கிறது, ஆளும் இருக்கிறார். பயிற்சி நாட்களில் காட்டுப்பாக்கம் போன்ற வேளாண் அறிவியல் நிலையங்கள் கொட்டகை வயரிங்கையும் துரு நீக்குவதையும் ஒரு மணி நேரம் செய்து காட்டலாம். கொட்டகையே இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உரமும் விதையும் ஒன்றாக வைத்திருக்கும் குத்தகைதாரர்களுக்கு, கிராமத்துக்கு ஒரு பொதுக் கிடங்கு அறை என்பதையும் யோசிக்க வேண்டும். அவர்களுக்கு நான் மேலே எழுதியதில் பாதி பயன்படாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு ஆள், ஒருநாள் வேலை. காலையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் தண்ணீர் வரும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு ஏணி ஏறுங்கள். அதே நாளில் விதைநெல்லில் 100 மணியை எண்ணி எடுத்து ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் 80-க்குக் குறைவாக முளைத்தால் அதை நம்பி நாற்றங்கால் விடாதீர்கள். மாற்று விதைக்கு ஏற்பாடு செய்ய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, மார்கழியில் தெரிந்தால் இருக்காது.

போன வாரம் அந்த விவசாயியின் தோட்டத்துக்கு மறுபடியும் போயிருந்தேன். ஓட்டை விழுந்த ஷீட்டை மாற்றியிருந்தார். ஸ்டார்ட்டர் மரப்பலகைக்கு ஏறியிருந்தது. இந்த வருஷ விதை வீட்டில் சாமி அறையில், டிரம்முக்குள் இருப்பதாகச் சொன்னார். பொட்டாஷ் மூட்டை மட்டும் புது ஷீட்டின் மேல் அதே மேற்கு மூலையில் சாய்ந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். "நாளைக்கு மாத்திடறேன் சார்" என்றார். நாளைக்கு வேண்டாம் என்று இரண்டு பேருமாக அப்போதே தூக்கி நகர்த்தினோம்.